சகாயம் அக்காவின் கோணல் மீன்

சகாயம் அக்காவின் வீட்டுக்காரர் அந்தோணி அண்ணனின் போன் வந்தபோது நான் வெள்ளரிக்காயில் முதலை செய்துகொண்டிருந்தேன். காலை ஏழேகால் மணி. என் மகள் அபிக்குப் பள்ளிக்கூடத்தில் அன்று பச்சை நாள். டப்பாவில் பச்சையாக ஏதாவது போக வேண்டும். வாயைப் பிளந்தாகிவிட்டது, பல் வெட்டியாகிவிட்டது, கண்ணுக்குக் கிராம்பு குத்துகிற கட்டம்.

"தம்பி, சகாயம் போயிட்டா. விடியக்காலம். உறக்கத்துலயே."

திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லி அனுப்பிப் பத்து நாளாகியிருந்தது. எதிர்பார்த்ததுதான். ஆனால் எதிர்பார்த்தது வரும்போதும் கையில் கத்தியோடுதான் நிற்க வேண்டியிருக்கிறது.

"அப்பா, முதலைக்கு ஒரு கண்ணுதான் இருக்கு" என்றாள் அபி.

இரண்டாவது கிராம்பையும் குத்தினேன். டப்பாவை மூடினேன். அபிக்குத் தலைபின்னி, பள்ளிக்கூடத்தில் கொண்டுவிட்டு, அதற்குப் பிறகுதான் அக்கா வீட்டுக்கு வண்டியை விட்டேன். இவன் நெஞ்சு என்ன கருங்கல்லா என்று யாராவது கேட்கலாம். முதலையைப் பாதியில் போட்டுவிட்டு நான் ஓடிப்போயிருந்தால், கிடத்தியிருந்த இடத்திலிருந்து எழுந்து அக்கா கேட்டிருப்பாள்: "செத்தது நான்லா? பிள்ளைக்க டப்பா என்னலே செஞ்சுது?"

முப்பதாம் நாள் ஜெபத்துக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு சிறு மடல் அடிக்கிறோம், நாலு வரி எழுதித் தா என்று அண்ணன் கேட்டார். நான் பத்தாம் வகுப்பையே இரண்டு தடவை எழுதியவன். நாலு வரியில் நிறுத்தும் அளவுக்குப் படிப்பு பத்தாது. அதனால் நீண்டுவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள். 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் தொடங்கினேன். இரண்டு வரியில் அது வேறு யாரோ ஒரு ஆபீசரைப் பற்றி எழுதியதுபோல ஆகிவிட்டது. அழித்துவிட்டு 'அவள்' என்றே எழுதுகிறேன். மனதில் அப்படித்தான் இருக்கிறாள்.

இந்த மடலை வாங்குகிறவர்களில் அக்காவைத் தெரியாதவர் இருக்க மாட்டீர்கள். ராஜாக்கமங்கலத்துக்கு அப்பால் கடற்கரை ஊர். விடிகிற நேரத்தில் கரையில் மீன் எடுத்து, ஸ்கூட்டரின் பின்னால் தெர்மாகோல் பெட்டியைக் கட்டி, முன்னால் மகள் ஷைனியை நிறுத்தி நாகர்கோவிலுக்கு வருவாள். எட்டரைக்கு மகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டுத் தெருத்தெருவாக மீன் விற்பாள். உப்புத்தண்ணி பட்டுப் பட்டு அந்த ஸ்கூட்டரில் துருப்பிடிக்காத பாகம் ஹாரன் ஒன்றுதான். அது எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் டூ வீலர் மெக்கானிக். மாதம் ஒரு தடவையாவது அந்த வண்டி என் ஒர்க் ஷாப்பில் படுத்துக் கிடக்கும்.

ஆனால் அவளை நான் முதலில் பார்த்தது ஒர்க் ஷாப்பில் அல்ல, பள்ளிக்கூட வாசலில். என் மனைவி சுதா குவைத்தில் நர்ஸ். அபியை எல்.கே.ஜி.யில் சேர்த்த வருடம்தான் அவள் விமானம் ஏறினாள். கிரீஸ் கையோடு நான் அம்மாவாகவும் ஆனேன். சோறு பொங்குவது, சீருடை தேய்ப்பது எல்லாம் எப்படியோ படிந்துவிட்டது. இந்த 'நாள்' சமாசாரம்தான் என்னை வாட்டியது. மஞ்சள் நாள், பழ நாள், மழை நாள். ஒவ்வொரு நாளுக்கும் டப்பாவில் ஒரு தின்பண்டம், கையில் ஒரு கைவேலை. நான் சுலபமான வழி கண்டுபிடித்தேன். பஜாரில் இருக்கிற ஃபேன்சி கடைக்குப் போய், நாளின் பெயரைச் சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள்.

மஞ்சள் நாளன்று ஒரு சூரியகாந்திப் பூவை அபி கையில் கொடுத்து, நானே இரவெல்லாம் செய்ததுபோல முகத்தை வைத்துக்கொண்டு வாசலில் நின்றேன். பின்னாலிருந்து ஒரு குரல்.

"தம்பி, ஒனக்க பூவுக்குப் பின்னால பார்கோடு மொளச்சிருக்கு."

திரும்பினேன். ஸ்கூட்டர், பெட்டி, தலையில் துவர்த்துத் துண்டைக் கட்டிய ஒரு பெண். வாய் ஓரத்தில் சிரிப்பு.

"கடையில வேண்டுனதுதான அது?"

"இல்லக்கா, செஞ்சதுதான்."

"செஞ்சதுதான். ஆரு செஞ்சதுன்னு அதுல ஒட்டியிருக்கே."

அவள் மகளின் டப்பாவை எட்டிப் பார்த்தேன். அவித்த ஏத்தன் வாழைப்பழத்தை வட்டமாக நறுக்கி நடுவில் வைத்து, சுற்றிலும் ஓமப்பொடியைக் குத்தி வைத்திருந்தது. சூரியனாம். ஒரு பக்கம் கதிர் அடர்த்தியாகவும் மறுபக்கம் சொட்டையாகவும் இருந்தது. "அந்தப் பக்கம் மேகம்" என்றாள் ஷைனி, நான் கேட்காமலே. நாலு வயசுப் பிள்ளைக்குத் தன் சூரியனைப் பற்றி ஒரு விளக்கம் இருந்தது. அபியிடம் அவள் பூவைப் பற்றிக் கேட்டால் என்னைப் பார்ப்பாள். அன்றைக்கு எனக்குச் சுருக்கென்று தைத்தது அதுதான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்காவே ஷைனியைக் கூட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள், கூப்பிடாமல். "மழை நாளுக்கு என்ன செய்யிய?" என்று கேட்டாள். நான் குடை படம் போட்ட கேக் என்றேன். "ஒனக்க வீட்டுல ஆப்ப மாவு இல்லியா?" என்றாள். இருந்தது. ஆப்பம் மேகமானது. நேற்றைய இடியாப்பத்தைப் பிய்த்துக் கீழே தொங்கவிட்டால் மழை. அவ்வளவுதான் விஷயம். வீட்டில் கிடப்பதை வைத்துச் செய்ய வேண்டும், அரை மணி நேரத்துக்கு மேல் ஆகக்கூடாது, பிள்ளையின் கைதான் செய்ய வேண்டும். "அரை மணிக்கு மேல போச்சுன்னா அது பிள்ளைக்க வேலை இல்ல, நமக்க வீம்பு" என்பாள்.

எனக்கு அந்த மூன்றாவதுதான் ஆகாது. அபி தீப்பெட்டியை ஒட்டி ரயில் செய்கிறாள் என்றால், பெட்டிகள் ஒன்றுக்கொன்று நேராக நிற்க வேண்டும் என்று என் கை துடிக்கும். சக்கரத்தைக் கோணலாகப் பார்த்தால் நிமிர்த்துவதுதானே என் தொழில். கையை எடு என்று அக்கா இரண்டு தடவை சொன்னாள். மூன்றாவது தடவை என் தோளில் கிடந்த துவர்த்தை உருவி, என் இரண்டு கையையும் நாற்காலிக்குப் பின்னால் சேர்த்துக் கட்டிவிட்டாள். வலைக்கயிறு கட்டிப் பழகிய கை, அசைக்க முடியவில்லை. அந்த நேரம் பார்த்துக் குவைத்திலிருந்து சுதா வீடியோ காலில் வந்தாள். அபி போனை என் முகத்துக்கு நேராகப் பிடித்தாள்.

"ஐயோ, என்னங்க, வீட்டுல கள்ளன் ஏறிட்டானா?"

"இல்ல மக்கா, நான்தான் கெட்டிப் போட்டிருக்கேன்" என்றாள் அக்கா திரைக்குள் தலையை நுழைத்து. "ஒனக்க மாப்பிள நல்ல மனுசன். கைதான் சொன்ன பேச்சு கேக்காது."

சுதா விழுந்து விழுந்து சிரித்தாள். ஊரை விட்டுப் போனபிறகு அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதில்லை. அன்றிலிருந்து இருவரும் அக்காவும் தங்கச்சியும் ஆகிவிட்டார்கள். என்னைப் பற்றிய குற்றப்பத்திரிகை வாரம் தவறாமல் குவைத்துக்குப் போய்விடும்.

இப்போது கடல் நாள் கதைக்கு வருகிறேன். முதலாம் வகுப்பில் நடந்தது. அன்று அங்கே இருந்தவர்கள் சிரித்துக்கொண்டே சொல்லுவார்கள். நான் முழுவதையும் சொல்லுகிறேன், ஏனென்றால் சிரிப்புக்குப் பிறகும் கொஞ்சம் இருக்கிறது.

கடல் நாளுக்கு எல்லா வகுப்புக்கும் சேர்த்துக் கண்காட்சி வைப்பார்கள். ஷைனி உடைந்த மீன்பெட்டியின் தெர்மாகோல் மூடியில் ஒரு மீன் வெட்டினாள். செதிலுக்குப் பழைய வலைத்துண்டை ஒட்டி, மேலே நீலச் சாயம். அபி என் கடையில் கிடந்த பழைய டியூபைக் கீறி எட்டுக்கால் பேய்க்கணவாய் செய்தாள். அக்கா வந்து எண்ணிப் பார்த்தாள்.

"ஏட்டி, இதுக்கு ஒம்பது காலு இருக்கு."

"ஒண்ணு ஸ்டெப்னி அத்தை" என்றாள் அபி. மெக்கானிக் பிள்ளை.

தெர்மாகோலை அக்கா சோப்புப் போட்டு மூன்று தடவை கழுவியிருந்தாள். என்னிடம் நீட்டி மோந்து பார்க்கச் சொன்னாள். ஒரு நாற்றமும் இல்லை என்று நான் சத்தியம் செய்தேன். அவளுடையது மீன் மூக்கு, என்னுடையது பெட்ரோல் மூக்கு. இரண்டு கெட்டுப்போன மூக்கையும் நம்பி ஒரு பிள்ளையின் மீனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினோம்.

முதல் பரிசு கேக்கில் செய்த ஒரு டால்பினுக்கு. பேக்கரியில் செய்தது. பிள்ளையின் பெயர் மட்டும் பிள்ளையுடையது. சிறப்பு விருந்தினர் அதைத் தொட்டுப் பார்த்துப் பாராட்டும்போது அக்கா கூட்டத்துக்குள்ளிருந்து கேட்டாள்: "ஐயா, இது எந்தக் கடல்ல உள்ளதுய்யா?"

"டால்பின்மா."

"ஓங்கலா? ஓங்கலுக்கு வாலு படுக்கையில்லா கெடக்கும், தட்டு மாதிரி. நெட்டுக்குத்தா நிக்கது மீனுக்கு. இது என்ன, ரெண்டுக்கும் பொறந்ததா?"

சுற்றி நின்றவர்கள் சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கும்போதே அடுத்தது நடந்தது. சத்துணவுக் கூடத்துப் பக்கம் திரிகிற ஒரு வெள்ளைப் பூனை, மேசைமேல் ஏறி, கேக்கைத் தாண்டி, அட்டையில் செய்த திமிங்கிலத்தைத் தாண்டி, நேராக வந்து ஷைனியின் மீனைக் கவ்விக்கொண்டு சுவரேறி ஓடிவிட்டது.

"பாத்தியளா" என்றாள் அக்கா, இடுப்பில் கைவைத்து. "மீன் தெரிஞ்ச ஒருத்தர் வந்து மார்க்கு போட்டாச்சு."

இதுவரைதான் எல்லோரும் சொல்லுவார்கள். மறுநாள் வகுப்பு டீச்சர் அக்காவைத் தனியாக அழைத்து, இனி மீன்பெட்டியோடு வாசல்வரைக்கும் வர வேண்டாம், மற்ற பெற்றோர்கள் சொல்லுகிறார்கள் என்றார். அந்த டீச்சர் பிள்ளையைக் குற்றம் சொல்ல மாட்டேன். சின்ன வயசு, மேலிருந்து சொன்னதைத் தலைகுனிந்துதான் சொன்னது. ஆனால் வகுப்பில் இரண்டு மூன்று பிள்ளைகள் ஷைனியைக் 'கருவாடு' என்று கூப்பிடத் தொடங்கியிருந்தார்கள். ஷைனி வீட்டில் போய், "நீ இனி கொண்டுவிடாண்டாம் அம்மா, அப்பாவ வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டாள்.

அன்றைக்கு அக்கா என் கடைக்கு வந்து, கவிழ்த்துப் போட்டிருந்த டயர்மேல் உட்கார்ந்தாள். வண்டியில் கோளாறு எதுவும் இல்லை. நான் பிளக்கைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அக்கா சொன்னாள்:

"ரெண்டு சோப்பு போட்டுக் குளிச்சிட்டுதாம்ல வாறேன்."

வாடை உண்டா இல்லையா என்று நான் சொன்னால் எடுபடாது. பெட்ரோல் மூக்குக்காரன்.

"கடல் நாளாம். ஆனா கடல் வரப்பிடாதாம். நல்ல கூத்து."

எழுந்து போய்விட்டாள். அழுதாளா என்றால் தெரியாது. துவர்த்தை முகத்தில் இறக்கிக்கொண்டுதான் வண்டியை எடுத்தாள்.

வேறு யாராவது என்றால் ஒன்று சண்டைக்குப் போயிருப்பார்கள், அல்லது பள்ளிக்கூடத்தை மாற்றியிருப்பார்கள். அக்கா இரண்டும் செய்யவில்லை. அந்த வாரமே வாட்ஸாப்பில் ஒரு குழு தொடங்கினாள். பெயர் 'கோணல்'. எழுதுவது அவளுக்கு ஆகாது, எல்லாம் குரல் பதிவுதான். பின்னணியில் மீன் வெட்டும் சத்தம், காகம், பஸ் ஹாரன். "இந்த வாரம் ஆமை நாளு கேட்டியளா. மல்லித்தழை அரைச்சு இட்லி மாவுல போடுங்க. அவிச்ச இட்லிதான் ஓடு. காலுக்கு வெள்ளரிக்கா. தலைக்கு என்ன வைக்கணும்னு பிள்ளைட்ட கேளுங்க, நீங்க வாயப் பொத்துங்க." முதலில் நானும் இன்னும் மூன்று வீடுகளும்தான். கோட்டாற்றுப் பாத்திமா வந்தார், முட்டை அட்டையில் பூ செய்வதில் கெட்டிக்காரர். பிறகு ஒவ்வொருவராக, வெட்கப்பட்டுக்கொண்டே, அந்த 'மற்ற பெற்றோர்'களிலேயே பலர் வந்தார்கள். அக்கா ஒருவரையும் பழையதைச் சொல்லிக் குத்தவில்லை. பார்கோடு கதையை மட்டும் புதிதாக வருகிற எல்லோரிடமும் என் பெயரோடு சொன்னாள்.

செய்கிற பொருளில் எல்லாம் பிள்ளை தன் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும் என்பது அவள் சட்டம். "கோணலா இருக்கோ நேரா இருக்கோ, பேரு இருந்தா நாளைக்கு அது ஆருட்டயும் தலைகுனியாது."

தெர்மாகோலுக்கும் அவளே வைத்தியம் கண்டுபிடித்தாள். புளித்தண்ணீரில் ஊறப்போட்டு, மூன்று நாள் வெயிலில் காய வைத்து, கடைசியில் பாத்திமா மூக்கில் காட்டிச் சான்று வாங்கிய பிறகுதான் வெளியே விடுவாள். கப்பல் செய்ய, வீடு செய்ய, பனிமலை செய்ய எல்லாப் பிள்ளைக்கும் அந்த மூடி தேவைப்பட்டது. வகுப்பில் ஷைனியின் பெயர் 'கருவாடு' போய், "ஷைனி, எனக்கொரு மூடி கொண்டு வருவியா?" என்று ஆனது. மூடி வேண்டுமென்றால் ஸ்கூட்டர் வாசலுக்கு வந்தாக வேண்டும். ஒரு நாள் காலையில் ஷைனி ஸ்கூட்டரின் முன்னால் நின்றுகொண்டு, ஹாரனை அழுத்திப் பிடித்தபடி, வாசல்வரைக்கும் வந்து இறங்கினாள். காவலாளி ஒன்றும் சொல்லவில்லை. அவர் பேரனும் 'கோணல்' குழுவில்தான் இருந்தான்.

போன வருடம் நோய் வந்தது. மருந்து ஏறியதும் முடியெல்லாம் கொட்டிவிட்டது. குழுவில் எல்லோரும் கை கூப்பிய படங்களாக அனுப்பிக்கொண்டிருந்தோம். மூன்றாம் நாள் அக்காவின் குரல் வந்தது. சத்தம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது.

"ஏலே, ஆரும் செத்துட்டாவளா, இம்புட்டுக் கும்பிடு போடுதிய? இந்த வாரம் முட்டை நாளு. அவிச்சு ஓடு உரிச்சு, மிளகுல கண்ணு வைங்க. ஆருக்க முட்டை எனக்க மாதிரி இருக்குன்னு நான் பாக்கணும்."

அன்றைக்கு வந்த படங்களை இன்றும் வைத்திருக்கிறேன். எல்லா முட்டையும் அக்காதான். ஒன்றுக்குத் தக்காளித் தோலில் உதடு, ஒன்றுக்குக் கறிவேப்பிலைப் புருவம். அபி முட்டையின் தலையில் துண்டுத் துணியைக் கட்டியிருந்தாள். அக்கா ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்து ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பதில் சொன்னாள். அபியிடம் சொன்னது: "முடி வச்ச முட்டைய நீ எங்கயாவது கண்டிருக்கியா மக்கா? அப்ப துணி எதுக்கு? கழத்து." அதற்குப் பிறகு அவளும் தலையில் துணி கட்டவில்லை. மொட்டைத் தலையோடுதான் கோவிலுக்கு வந்தாள், மொட்டைத் தலையோடுதான் ஒரு மாதம் மீனும் விற்றாள். "பாவம்" என்று சொன்னவர்களுக்கு அன்றைக்கு நல்ல மீன் கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும்.

அதனால் நானும் இந்த மடலில் அந்த வார்த்தையை அவளுக்குப் போடமாட்டேன். அடக்கத்துக்கு வந்தவர்கள் எத்தனையோ பேர் அதைத்தான் சொன்னார்கள். நாற்பத்திரண்டு வயசில் போனது அநியாயம். அதை அநியாயம் என்றே சொல்லுவோம். ஆண்டவர் சித்தம் என்று சொல்லுகிற பெரியவர்கள் சொல்லட்டும், எனக்கு அவர்களோடு வழக்கில்லை. எனக்கு வாய் வரவில்லை, அவ்வளவுதான்.

இனி சொல்லப்போவதற்காகத்தான் நாலு வரி நாலு பக்கமானது.

அக்கா இறந்த வாரத்தில் பள்ளிக்கூடச் சுவரில் ஒரு பிளக்ஸ் வைத்தார்கள். அன்புள்ள பெற்றோர் ஒருவரை இழந்து வாடுகிறோம் என்று, ரோஜாப்பூ நடுவில் அவள் படம். நல்ல மனதோடுதான் வைத்தார்கள். அதே வாரத்தில் பிள்ளைகளின் பையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. இந்த வருடக் கடல் நாளுக்கு எல்லாப் பிள்ளைகளும் ஒரே கடையில் வாங்கிய ஒரே மாதிரிப் பெட்டியைத்தான் கொண்டுவர வேண்டும். அதில் அச்சடித்த மீன் இருக்கும், பசை இருக்கும், ஒட்ட வேண்டிய இடத்தில் எண் இருக்கும். தின்பண்டமும் பேக்கரியிலிருந்து மீன் வடிவ கேக், பள்ளிக்கூடமே வரவழைத்துத் தரும். வீட்டில் செய்தது எதுவும் வேண்டாம். காரணமாகப் போட்டிருந்தது: சுத்தம், ஒரே சீர்மை.

ஷைனி இப்போது மூன்றாம் வகுப்பு. இந்தக் கடல் நாளுக்கான மீனை அவளும் அக்காவும் சேர்ந்து தொடங்கியிருந்தார்கள். வரைந்தது ஷைனி. அக்கா படுத்துக்கொண்டே, "செட்டை எங்க? செட்டை இல்லாம அது எப்படித் திரும்பும்?" என்று கேட்டுக் கேட்டு வரைய வைத்திருக்கிறாள். வெட்டியாகிவிட்டது, சாயம் பாதி. மீதியை ஷைனி தனியாகப் பூசினாள். சுற்றறிக்கையை எடுத்துக்கொண்டு அண்ணனோடு என் கடைக்கு வந்தாள்.

"மாமா, எனக்க மீன உள்ள விடுவாவளா?"

நாளைக்குச் சொல்லுகிறேன் மக்கா என்றேன்.

மறுநாள் பெற்றோர் கூட்டம். நான் பொதுவாகக் கடைசி வரிசையில், கதவோரமாக, ஆங்கிலத்தில் கேள்வி கேட்டால் போன் வந்ததுபோல வெளியே போக வசதியாக உட்காருகிறவன். அன்று முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன்.

"மேடம், வீட்டுல செஞ்சதக் கொண்டுவரக் கூடாதுன்னு போட்டிருக்கு" என்றேன் தலைமையாசிரியையிடம்.

"மிஸ்டர் சுயம்பு, எல்லாப் பிள்ளைகளும் சமமா இருக்கணும். அதான் ஒரே மாதிரி."

"நாங்க அப்படித்தான் மேடம் இருந்தோம். எல்லாம் ஒண்ணுபோல கோணலா இருந்துச்சு."

சிலர் சிரித்தார்கள். மேடம் சிரிக்கவில்லை. "முன்னால ஒரு தடவை பூனை வந்தது ஞாபகம் இருக்கா? ஹைஜீன் முக்கியம்."

"பூனை வந்தது எங்க தப்பு. எனக்க மூக்கும் சேர்ந்து செஞ்ச தப்பு. அதத் திருத்தியாச்சு. பாத்திமாம்மா மூக்கு இங்கதான் இருக்கு, கேட்டுப் பாருங்க." பாத்திமா எழுந்து நின்றார். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் மறுபடி பேச வராது என்று தெரியும். "பெட்டிக்குள்ள இருக்கது கடைக்காரனுக்க மீன், மேடம். அதுல எம்பிள்ள பேர எழுதிவிட எனக்கு இஷ்டமில்ல. அபி வீட்டுல செஞ்சதத்தான் கொண்டுவருவா. ஷைனியும் கொண்டுவருவா. மார்க்கு போடாண்டாம். மேசையில இடம் குடுத்தாப் போதும்."

"ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"அப்ப நான் ஒத்துக்கிடல மேடம்."

வாழ்க்கையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஒருவரிடம் நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. பின்னால் நாற்காலிகள் நகருகிற சத்தம் கேட்டது. பாத்திமாவோடு இன்னொருவர், அவர் பின்னால் இரண்டு பேர், பிறகு ஒரு போலீஸ்காரர் மனைவி. எல்லோரும் எழுந்துவிட்டார்கள் என்று எழுத ஆசைதான். பாதிப்பேர் எழவில்லை. அவர்கள் வீட்டில் என்ன கஷ்டமோ. 'யோசித்துச் சொல்லுகிறோம்' என்று கூட்டம் முடிந்தது. இந்த மடல் அச்சுக்குப் போகும்வரை பதில் வரவில்லை.

அக்காவிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது எது என்று அந்தோணி அண்ணன் கேட்டார். ஸ்கூட்டரை எடுத்துக்கொள்ளச் சொன்னார். வேண்டாம் என்றேன், ஷைனிக்கு இருக்கட்டும், நான் ஓட்டம் குறையாமல் பார்த்துக்கொள்கிறேன். நான் எடுத்துக்கொண்டது வேறு. எனக்குப் படிப்பு இல்லை என்று, என் கை கறுப்பு என்று, என் பிள்ளையின் டப்பா நாலு பேர் டப்பாபோல இல்லை என்று சின்ன வயசிலிருந்து ஒரு வெட்கத்தைத் தூக்கிச் சுமந்தேன். அதை அக்கா என்னிடமிருந்து பிடுங்கிப் போட்டுவிட்டாள். அந்த வெட்கம் இருந்த இடம் இப்போது காலி. அந்தக் காலி இடத்தைத்தான் நான் வைத்துக்கொண்டிருக்கிறேன். வெட்கங்கெட்டவன் என்று யாராவது சொன்னால், ஆமாம், சகாயம் அக்கா கெடுத்ததுதான் என்று சொல்லுவேன்.

வருகிற வெள்ளிக்கிழமை கடல் நாள். காலை எட்டரைக்கு நான் பள்ளிக்கூட வாசலில் நிற்பேன். உள்ளே இடம் கொடுத்தால் சந்தோஷம், மேடத்துக்குக் கைகூப்பி நன்றி சொல்லுவேன். கொடுக்காவிட்டால், கடையிலிருந்து மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து வாசலுக்கு எதிரே ரோட்டோரம் போடுவேன். ரோடு அரசாங்கத்துடையது. அதில் ஷைனியின் மீன் இருக்கும், அபி செய்ததும் இருக்கும், உங்கள் வீட்டுப் பிள்ளை செய்ததையும் கொண்டு வந்தால் இடம் பண்ணித் தருவேன். தின்பதற்கும் ஏதாவது செய்து எடுத்து வாருங்கள், அரை மணி நேரத்துக்கு மேல் மெனக்கெட வேண்டாம். அக்காவுக்கு மெழுகுதிரி ஏற்றுவதற்காக இன்று வந்திருக்கிற நீங்கள் வெள்ளிக்கிழமை அங்கேயும் வர வேண்டும்.

ஷைனியிடம் நான் சொல்ல வேண்டிய பதிலை நேற்றுச் சொல்லிவிட்டேன்.

"உள்ள விட்டாலும் விடாட்டாலும் ஒனக்க மீன் அங்க நிக்கும் மக்கா."

அழுவாளோ என்று பார்த்தேன்.

"மாமா, அப்ப மேசைய நிழலாப் பாத்துப் போடுங்க. வெயிலடிச்சா சாயம் ஒழுகும்."